சனநாயகம் உலகிற் பரவியமை: அலைக் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக மாந்தருட் பெரும்பாலோர் முடிமன்னரின் ஆணைக்கோ குடியேற்ற ஆட்சியாளரின் ஆணைக்கோ உட்பட்டே வாழ்ந்தனர். தம்மை ஆள்வோரைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை உழவனுக்கும் கூலித் தொழிலாளிக்கும் உண்டு என்னும் கருத்து அன்றைய அரசவைகளில் நகைப்புக்கு உரியதாகவே இருந்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்த இக்காலத்திலோ, மக்களின் பெயரால் அன்றி வேறெவ்வுரிமையாலும் ஆளுகின்றோம் என வெளிப்படையாகக் கூறத் துணியும் அரசுகள் மிகச் சிலவே. எதேச்சாதிகாரிகளும் தேர்தல் என்னும் சடங்கை நடத்தி அதன் நிழலில் ஒதுங்க வேண்டியவர்களாயுள்ளனர். இத்துணைப் பெரிய மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பது அரசியலறிஞர் பலரும் விடைகாண முயன்ற வினாவாகும்.

அவ்விடைகளுள் இன்று மிகுதியாக எடுத்தாளப்படுவது, அமெரிக்க அறிஞர் சாமுவேல் ஹன்ரிங்டன் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மூன்றாவது அலை’ என்னும் நூலிற் காணப்படுவதாகும். பாடநூல்களும் பத்திரிகைத் தலையங்கங்களும் ‘சனநாயக அலை’ என்னும் தொடரை ஆராய்ச்சியின்றியே எடுத்து வழங்குகின்றன. ஒரு தொடர் இங்ஙனம் வழக்கில் ஊன்றிவிடின் அது விளக்கத்துக்குரிய பொருளாக அல்லாமல் விளக்கமாகவே கொள்ளப்படும். ஆதலின் அக்கொள்கை எதனை விளக்குகின்றது, எதனை விளக்காது விடுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

முதற்கண் கொள்கையை அதன் ஆசிரியர் நோக்கிலேயே எடுத்துரைத்தல் முறையாகும். சனநாயகம் மூன்று அலைகளாகப் பரவிற்று என்பர் ஹன்ரிங்டன். முதலாவது அலை 1828 முதல் 1926 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் மேலை ஐரோப்பாவிலும் மெல்ல எழுந்தது. இரண்டாவது அலை இரண்டாம் உலகப்போரின் வெற்றியோடு 1943 இல் தொடங்கி 1962 வரை நீடித்தது. மூன்றாவது அலை 1974 ஏப்ரல் 25 ஆந் திகதி போர்த்துக்கலில் இராணுவ அதிகாரிகள் நெடுநாட் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்ததோடு தொடங்கியது. முதலிரு அலைகளின் பின்னும் எதிரலை ஒவ்வொன்று எழுந்து, பெற்றதில் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. முசோலினி உரோமாபுரியிற் பதவியேறிய 1922 முதல் 1942 வரையும், 1958 முதல் 1975 வரையும் அவ்வெதிரலைகளின் காலமாம். மூன்றாவது அலைக்கு ஐந்து காரணங்களை அவர் வகுத்துக் கூறுவர். சர்வாதிகார ஆட்சிகள் தம் தகுதியை மக்கள் மனத்தில் இழந்தமை. 1960 களின் பொருளாதார வளர்ச்சி. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டில் ஏற்பட்ட மாற்றம். ஐரோப்பிய சமூகம், ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் புறக்கொள்கை மாற்றங்கள். ஒரு நாட்டைக் கண்டு மற்றொரு நாடு பின்பற்றுதல் என்பன அவையாம்.

இக்கொள்கையின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. அலெக்சிஸ் தொக்வில் 1835 இல் அமெரிக்க சனநாயகத்தைப் பற்றி எழுதியபோது, சமத்துவத்தின் வளர்ச்சியை மனித முயற்சியால் தடுக்கவொண்ணாத இறைவன் திட்டமாகவே கண்டார். அவர்க்குப் பின் வந்தோருட் பலர் இறைவன் இருந்த இடத்தில் ‘முன்னேற்றம்’ என்னும் சொல்லை வைத்தனர். ஹன்ரிங்டனோ பெற்றது இழக்கப்படவும் கூடும் என்பதைக் காட்டி, அந்நம்பிக்கையின் மிகையைத் திருத்தினார். நாடுகள் தனித்தனியே அன்றிக் கூட்டங் கூட்டமாக மாறியுள்ளன என்பதும் உண்மையே. 1974 க்கும் 1990 க்கும் இடையில் ஏறத்தாழ முப்பது நாடுகள் சனநாயகத்துக்கு மாறின என அவர் கணக்கிட்டமை தற்செயலாகக் கொள்ளத்தக்கதன்று.

எனினும் அக்கணக்கின் அடிப்படையை நோக்கும்போது முதற் குறை புலனாகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடொன்றைச் சனநாயகம் எனக் கொள்வதற்கு, வயதுவந்த ஆண்களிற் பாதிப்பேர் வாக்குரிமை உடையோராயிருத்தலும், ஆட்சிபுரிவோர் தேர்தலுக்கோ சட்டசபைக்கோ கட்டுப்பட்டிருத்தலும் போதுமென அவர் அளவுகோல் வகுத்தார். பெண்கள் இவ்வளவுகோலின் புறத்தே நிற்கின்றனர். சுவிற்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1971 இலேயே. அமெரிக்காவில் முதலலை தொடங்கியதாகக் கூறப்படும் 1828 இல் அந்நாட்டின் தென்மாநிலங்களில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாயிருந்தனர். 1870 இல் அரசியலமைப்புத் திருத்தத்தாற் கிடைத்த வாக்குரிமையும் தென்மாநிலங்களில் வரிகளாலும் எழுத்தறிவுச் சோதனைகளாலும் வன்முறையாலும் பறிக்கப்பட்டு, 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் பின்னரே பயனளிப்பதாயிற்று. மக்கள் அனைவரையும் எண்ணும் அளவுகோலைக் கையாண்டால், முதலலையின் நாடுகளிற் பல அக்காலத்தே சனநாயகங்களாகா.

இது வெறும் கணக்குப் பிழையன்று. சனநாயகம் நாடுவிட்டு நாடு பரவியதை மட்டும் நோக்குவோர், அது ஒரே நாட்டினுள் வகுப்புவிட்டு வகுப்புப் பரவியதைக் காணத் தவறுகின்றனர். பிரித்தானியாவின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் நடுத்தர வகுப்பினருக்கு வாக்குரிமை அளித்து, தொழிலாளரை வாயிலிலேயே நிறுத்திற்று. சாசன இயக்கத்தார் ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கு, உறுப்பினருக்கு ஊதியம் முதலிய ஆறு கோரிக்கைகளை முன்வைத்து 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோரின் கையொப்பத்தோடு பாராளுமன்றத்துக்கு மனுச் செய்தனர். மூன்று முறையும் அவை புறக்கணிக்கப்பட்டன. ஆயினும் ஆண்டுதோறும் பாராளுமன்றத் தேர்தல் என்னும் ஒன்றொழிய ஏனைய ஐந்தும் காலப்போக்கிற் சட்டமாயின. பெண்கள் 1918 இற் பகுதியளவிலும் 1928 இல் ஆண்களுக்குச் சமமாகவும் வாக்குரிமை பெற்றனர். ஒவ்வொரு படியும் முன்னரே உள்ளே இருந்தோர் மனமுவந்து அளித்த கொடையன்று. வெளியே நின்றோர் விடாது தட்டியதன் பயனாகும்.

அடுத்து, ஹன்ரிங்டன் கூறும் பொருளாதாரக் காரணத்தை நோக்குவாம். இதற்கு அவர்க்கு முன்னோடியாயிருந்தவர் சீமூர் மார்ட்டின் லிப்செற். செல்வமும் கல்வியும் கைத்தொழிலும் நகர வாழ்வும் மிக்க நாடுகளே சனநாயகத்துக்கு ஏற்ற நிலங்கள் என 1959 இல் அவர் எழுதினார். செல்வமிக்க நாடுகளிற் பெரும்பாலானவை சனநாயகங்களாயிருத்தலும், தென்கொரியாவும் தாய்வானும் விரைந்து வளர்ந்தபின் இராணுவ ஆட்சியையும் ஒருகட்சி ஆட்சியையும் நீக்கியமையும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆனால் எண்ணெய்ச் செல்வத்தாற் கொழித்த அரபு முடியாட்சிகள் பல செல்வத்தைப் பெருக்கினவேயன்றி வாக்குரிமையைப் பெருக்கவில்லை. 1933 இல் இட்லரின் கையில் வீழ்ந்த ஜேர்மனி அக்காலத்திற் கல்வியிலும் கைத்தொழிலிலும் முன்னணியில் நின்ற நாடு. மறுபுறம், 1951–52 இல் இந்தியா தன் முதற் பொதுத்தேர்தலை நடத்தியபோது அங்கு எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர் பதியப்பட்டனர். படிக்க இயலாதோர் கட்சிகளை அறிந்து வாக்களிக்கச் சின்னங்கள் வகுக்கப்பட்டன. வறுமையும் எழுத்தறிவின்மையும் சனநாயகத்துக்குத் தடை என்போர் இந்நிகழ்ச்சிக்குத் தக்க விளக்கம் அளித்திலர்.

பிற்காலத்தில் அடம் பிரசவோர்ஸ்கி முதலியோர் பல நாடுகளின் புள்ளிவிபரங்களை ஆராய்ந்து, செல்வம் சனநாயகத்தைப் பிறப்பிப்பதிலும், பிறந்த சனநாயகத்தை இறவாது காப்பதிலேயே வலியது என்று கண்டனர். இம்முடிபு பொருத்தமானது. எனினும் செல்வம் எவ்வழியாற் செயற்படுகின்றது என்பதே நமக்கு முக்கியமானது. தென்கொரியாவில் 1987 யூன் மாதத்தில் சர்வாதிகாரி பணிந்து நேரடித் தேர்தலுக்கு இசைந்தமைக்கு நாட்டின் வருமானம் உயர்ந்தமை நேர்க் காரணமன்று. பல்கலைக்கழக மாணவர் தொடக்கிய போராட்டத்தில் அலுவலக ஊழியரும் சமயத் தலைவரும் நகரமாந்தரும் வீதிக்கு இறங்கியமையும், அத்தனை பேரையும் சுட்டடக்குதல் ஆட்சியாளர்க்கு இயலாததாயிற்று என்பதுமே காரணம். வளர்ச்சி அம்மாந்தரை நகரங்களில் ஒருங்கு சேர்த்தது. அவர்களைப் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அழைத்து வந்தது. ஒன்றுகூடியோர் என் செய்வர் என்பதை அது தீர்மானிக்கவில்லை.

இனி, ஆட்சிகள் தகுதி இழத்தல் என்னும் காரணம் மிகவும் வலிமையுடையது. வல்லமையின் பெயரால் ஆள்பவன் வல்லமை தோற்றவிடத்து ஆளும் உரிமையையும் இழக்கின்றான். போர்த்துக்கல் ஆபிரிக்கக் குடியேற்றப் போர்களிற் களைப்புற்றது. கிரேக்க இராணுவ ஆட்சி 1974 இல் சைப்பிரஸ் விவகாரத்தில் வீழ்ந்தது. ஆர்ஜென்டீனாவின் இராணுவத் தளபதிகள் 1982 இல் போக்லாந்துப் போரிற் தோற்று, 1983 இல் தேர்தலுக்கு வழிவிட்டனர். ஆனால் வீழ்ச்சி வேறு, எழுச்சி வேறு. 1991 வளைகுடாப் போரிற் படுதோல்வியுற்ற சதாம் ஹுசேனின் ஆட்சி பன்னிரண்டு ஆண்டுகள் நிலைத்தது. ஆப்கானிஸ்தானில் 2001 இல் அந்நியப் படைகளாற் துரத்தப்பட்ட தலிபான்கள் 2021 ஓகஸ்ட்டில் மீண்டும் தலைநகரிற் புகுந்தனர். இடைப்பட்ட இருபதாண்டுகளில் நடைபெற்ற தேர்தல்கள் அவ்வமைப்பைக் காக்கவில்லை. ஜேர்மனியிலும் யப்பானிலும் அந்நிய ஆக்கிரமிப்பின் கீழ்ச் சனநாயகம் வேரூன்றியது என்பார்க்கு, அவ்விரு நாடுகளிலும் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் பாராளுமன்ற மரபும் போருக்கு முன்னரே இருந்தன என்பதே விடையாகும். யப்பானில் ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை அளிக்கும் சட்டம் 1925 இலேயே நிறைவேறியிருந்தது. அந்நியர் அங்கே விதைக்கவில்லை. மிதிக்கப்பட்ட பயிர் மீண்டும் நிமிர இடமளித்தனர்.

ஒரு நாட்டைப் பார்த்து மற்றொன்று மாறுகின்றது என்னும் காரணமே ‘அலை’ என்னும் உருவகத்துக்கு உயிர்நிலை. 1989 ஆம் ஆண்டைக் காட்டிலும் அதற்கு நல்ல உதாரணமில்லை. போலந்தில் தொடங்கியது ஹங்கேரிக்கும் கிழக்கு ஜேர்மனிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் சில மாதங்களிற் பரவிற்று; நவம்பர் 9 ஆந் திகதி பேர்லின் மதில் திறக்கப்பட்டது. ஆயின் அவ்வாண்டின் யூன் 4 ஆந் திகதியை ஊன்றி நோக்குதல் வேண்டும். அன்று போலந்து மக்கள் வாக்களித்து, ஒற்றுமை இயக்கத்தின் வேட்பாளர்களைத் தாம் தெரிய இடமிருந்த இருக்கைகளில் ஏறத்தாழ அனைத்துக்கும் அனுப்பினர். அதே நாளிற் சீனத் தலைநகரின் தியனன்மென் சதுக்கத்தை நோக்கிச் சென்ற இராணுவ வண்டிகள் வழியில் நின்ற மக்களைச் சுட்டு வீழ்த்தின. ஒரே நாள், ஒரே அலையின் உச்சக்காலம், இரண்டும் பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சிகள். முடிவுகள் மட்டும் வேறு.

அலையைக் காரணமாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டை விளக்க வல்லரல்லர். போலந்தில் 1980 முதல் இலட்சக்கணக்கான தொழிலாளர் ஒரு சங்கமாகத் திரண்டிருந்தனர். இராணுவச் சட்டம் அச்சங்கத்தைத் தடைசெய்த காலத்திலும் அது மறைவில் உயிர்வாழ்ந்தது. திருச்சபை அதற்கு நிழலளித்தது. மாஸ்கோவிற் கொர்பச்சேவ் படை அனுப்ப மறுத்தார். ஆகவே 1989 பெப்ரவரியில் ஆட்சியாளர் வட்டமேசையில் அமர்ந்தபோது எதிரே அமர்வதற்கு ஆளிருந்தது. பீகிங்கிலோ மாணவரின் துணிவு குறைவன்று. ஆனால் ஆட்சியாளரோடு பேரம் பேசவும், பேசியதை நிறைவேற்றவும் வல்ல வேரூன்றிய அமைப்பு அவர்களுக்கு இருந்ததில்லை. ஆட்சியாளருக்குள் இணக்கம் நாடியோர் ஒதுக்கப்பட்டனர். படை கட்டளைக்குப் பணிந்தது. முன்மாதிரி இருபுறமும் ஒன்றே. அதனை ஏற்றுச் செயற்படுத்தும் வலிமையே வேறு.

இலங்கையின் சரித்திரமும் இவ்வினாவோடு நேர்த் தொடர்புடையது. 1927 இல் இங்கு வந்த டொனமூர் ஆணைக்குழு ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. 1931 இல் அவ்வுரிமையின் கீழ் முதற்றேர்தல் நடைபெற்றது. அதற்குமுன் வாக்குரிமை உடையோர் சனத்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரே. பிரித்தானியப் பெண்கள் சமவாக்குரிமை பெற்று மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. இதனைப் பிரித்தானியர் தாமாக வழங்கிய பரிசு எனக் கூறுவோர் உளர். ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் இயங்கிய தொழிலாளர் இயக்கமும், 1927 இல் அமைந்த மாதர் வாக்குரிமைச் சங்கமும் ஆணைக்குழுவின்முன் அதனைக் கோரின என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கற்றறிந்த தலைவர்களுட் பலரோ, சேர். பொன்னம்பலம் இராமநாதன் உட்பட, அதனை எதிர்த்தனர். பாமரர்க்கு வாக்கு ஏன் என்னும் வினா மேலைநாட்டுப் பிரபுக்களுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அறைகூவியமைக்குக் காரணமோ இதற்கு மாறானது. முழுமையான சுயராச்சியம் அவ்வரசியலமைப்பில் இல்லை என்பதே அவர்தம் குறை. தேசாதிபதியின் கையிற் பேரதிகாரங்கள் எஞ்சியிருந்தமையின் அக்குறை ஆதாரமற்றதன்று.

இனிக் காலத்தைக் கருதுவோம். 1931 என்பது ஹன்ரிங்டனின் கணக்கின்படி முதலாவது எதிரலையின் நடுப்பகுதி. ஐரோப்பாவில் வாக்குரிமை வெறுமையாக்கப்பட்டுவந்த காலத்தில் ஆசியத் தீவொன்றில் அது அனைவர்க்கும் விரிந்தது. 1948–49 என்பதோ இரண்டாவது அலை ஓங்கிய காலம். அக்காலத்திலேதான், சுதந்திரம் பெற்ற இலங்கையின் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனையொட்டி வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையை நீக்கிற்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பிய மக்கள் 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர். இவ்வநீதியின் எச்சங்கள் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்லவேண்டியதாயிற்று. உலகில் அலை ஏறுகையில் இங்கே நீர் வடிந்தது. அங்கே வடிகையில் இங்கே ஏறிற்று. அன்றியும், வாக்குரிமை பறிபோனது படைக்கலத்தாலன்று. வாக்களித்துத் தெரியப்பட்ட சபையின் பெரும்பான்மையினாலேயாம். நாடுகளை ஒன்று, இரண்டு என எண்ணும் கணக்கில் இந்நிகழ்ச்சி இடம்பெறாது. தேர்தல் தொடர்ந்து நடைபெற்றதாதலின் அக்கணக்கிற்கு இலங்கை சனநாயகமாகவே நிற்கும்.

இதுகாறும் ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்கின் ஒருண்மை தெளிவாகும். பழைய ஆட்சி தன் தகுதியை இழத்தல், வேறிடத்து முன்மாதிரி ஒன்று கண்முன் நிற்றல், வளர்ச்சியால் மக்கள் ஒருங்கு சேர்தல் என்பன யாவும் வாய்ப்புக்களே. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தத்தக்க, நெடுநாள் ஒழுங்கமைந்த மக்கட் கூட்டம் ஒன்று இருந்தவிடத்தேயே சனநாயகம் பிறந்தது. அது விழிப்போடு தொடர்ந்து இருந்தவிடத்தேயே நிலைத்தது. தென்னாபிரிக்காவில் 1994 ஏப்ரலில் கறுப்பின மக்கள் வாக்களித்தமைக்குப் பொருளாதாரத் தடைகளும் பனிப்போரின் முடிவும் துணைசெய்தன. ஆனால் 1973 இன் டர்பன் வேலைநிறுத்தங்கள் முதல் வளர்ந்த தொழிற்சங்கங்களும் நகரந்தோறும் அமைந்த மக்கள் சங்கங்களும் இல்லையாயின், வெள்ளையராட்சி எவரோடு பேசியிருக்கும்? விட்டுக்கொடுப்பதன் இழப்பினும் அடக்கி ஆள்வதன் இழப்பு பெரிதென ஆட்சியாளரைக் கணக்கிடச் செய்வது இவ்வொழுங்கமைப்பே.

நாடுகள் கூட்டமாக மாறுகின்றன என்பது உண்மையாயின் அலை என்று கூறுவதில் தவறென்ன என ஒருவர் வினவலாம். நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்லும் உவமையாக அதனைக் கொள்வதில் தவறில்லை. நிகழ்ச்சிக்குக் காரணமாகக் கொள்ளும்போதே தவறு நேர்கின்றது. அலை என்போன் தன்னைக் கரையில் நிற்பவனாகக் கருதுகின்றான். ஏறும்போது மகிழ்வதும் வடியும்போது வருந்துவதுமன்றி அவனுக்குச் செயல் ஒன்றில்லை. ஐயத்துக்கிடமான இக்காலத்தில் அம்மனப்பாங்கு பெருந்தீங்கு பயப்பதாகும். மியன்மாரில் 2021 பெப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிற்று. அரபு நாடுகளின் எழுச்சியில் 2011 இல் வழிகாட்டிய துனீசியாவில் 2021 யூலையிற் சனாதிபதியே பாராளுமன்றத்தை முடக்கினார். தெரிவுசெய்யப்பட்ட தலைவர்களே நீதிமன்றங்களையும் பத்திரிகைகளையும் படிப்படியாகத் தளையிடுதலும் பல நாடுகளிற் காணப்படுகின்றது. இவற்றை எதிரலை எனப் பெயரிட்டு அமைதல் நோயைப் பெயரிட்டு மருந்தை மறத்தலை ஒக்கும்.

ஹன்ரிங்டனின் நூல் கற்கத்தக்கது. அதன் ஒப்பீட்டு முறை பயிலத்தக்கது. ஆனால் அதனைக் கற்கும் மாணவர் ஒவ்வோர் ஆண்டெண்ணின் பின்னாலும் நின்ற மனிதரைத் தேடிக் காணுதல் வேண்டும். மூன்று முறை மறுக்கப்பட்டும் மனுச் செய்த நெசவாளர், தடைசெய்யப்பட்ட சங்கத்துக்கு மறைவிற் சந்தா கொடுத்த கப்பற்றளத் தொழிலாளர், கைநாட்டிட்டுக் கையொப்பமிட இயலாதவராயினும் சின்னம் பார்த்து வாக்களித்த இந்தியக் கிராமத்துப் பெண்கள் ஆகியோரே சனநாயகத்தைப் பரப்பியவர்கள். நாமோ நம் வாக்குச்சீட்டை வரிசையில் நின்று பெறுவதற்கு மேல் யாதொரு வருத்தமும் படாது அடைந்தவர்கள். வருந்தாது பெற்றதைக் காப்பது வருந்திப் பெறுவதிலும் அரிது. நமக்குள்ள உரிமை அயலானுக்கும் உண்டா என வினவுவதும், இல்லையாயின் அவன் பொருட்டுக் குரல் எழுப்புவதுமே அக்காவலின் முதற்படியாகும்.